கவர் தப்பு, பேக்கேஜ் சரியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோவையில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் பிரஸ் மீட்டிலேயே நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்தது, மனசு உறுத்துகிறது. சீனியரிடம் கேட்டால், "இந்தக் கவர் கலாச்சாரமே முடியப்போகிறது, இனிமேல் எல்லாம் பேக்கேஜ்தான், வெப்சைட்காரர்களே ஜி.எஸ்.டி. போட்டு பில் தருகிறார்கள், சுத்தமான வேலை" என்று சிரிக்கிறார். பேக்கேஜ் என்றால், செய்தி நிறுவனத்துக்கே காசு கொடுத்து, செய்தி மாதிரி ஒரு கட்டுரையைப் போடவைப்பது. கவர் தப்பா, பேக்கேஜ் சரியா, இந்தத் தொழிலில் அறம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில வருடம் தமிழ்ப் பத்திரிகையில் நிருபராக இருந்துவிட்டு, அப்புறம் கார்ப்பரேட் பக்கம் போனவன் நான். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டுமே தப்புதான், ஆனால் பேக்கேஜ்தான் பெரிய தப்பு. உங்கள் சீனியர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பில் இருப்பதால் அது சுத்தமாகிவிடவில்லை, பில் இருப்பதால்தான் அதை யாரும் தப்பாகவே பார்ப்பதில்லை.

முதலில் கவர். ஹோட்டல் வாசலில் ஒரு மேஜை, அதில் ஒரு ரிஜிஸ்டர். பெயர், பத்திரிகை, போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு ஃபைல் தருவார்கள். உள்ளே தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரஸ் நோட், பேசப்போகிறவரின் படம், ஒரு பேனா, அந்தக் கவர். கல்யாண வீட்டில் மொய்க் கவரில்கூடப் பெயர் எழுதித்தான் கொடுக்கிறோம், இதில் கொடுக்கிறவர் பெயரும் இருக்காது, வாங்குகிறவர் பெயரும் இருக்காது. கேட்டால் "கன்வேயன்ஸ்" என்பார்கள், ஆபீஸ் வண்டியில் வந்து இறங்கியவருக்கும் கன்வேயன்ஸ் உண்டு. தொடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிற நிருபர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். கவர் வாங்கினால் வேலை போய்விடும் என்று எழுத்தில் வைத்திருக்கிற பத்திரிகைகளும் உண்டு.

வாங்குகிறவர்களைத் திட்டுவது சுலபம். தாலுகா அளவில் வேலை செய்கிற பகுதி நேர நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றே கிடையாது. வெளியாகிற செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை, அப்புறம் ஆண்டு விழா மலருக்கும் தீபாவளி மலருக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அடையாள அட்டையைக் கொடுத்து "நீயே சம்பாதித்துக்கொள்" என்று அனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யாருடைய ஜவுளிக்கடைக்குப் போய் விளம்பரம் கேட்கிறாரோ அதே கடையில் தீ விபத்து நடந்தால் அவர்தான் செய்தியும் எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு கவரைப் பற்றி ஒழுக்கம் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் கவர் எதை வாங்குகிறது என்று பாருங்கள். அதிகம் போனால் இரண்டு பத்தி அகலத்தில் ஒரு செய்தி, ஒரு படம். நிருபர் எழுதிக் கொடுத்தாலும், செய்தியைத் திருத்துகிற டெஸ்க்கில் இருக்கிற சப் எடிட்டர் நாலு வரியாக வெட்டலாம், இடமில்லை என்று தூக்கிக் குப்பையில் போடலாம். அவருக்குக் கவர் வரவில்லையே! நிருபர் செய்கிற தப்பு வாசகருக்கு எதிரானது மட்டுமல்ல, அவருடைய பத்திரிகைக்கே எதிரானது, அதனால் பத்திரிகைக்குள்ளேயே அதைத் தடுக்க ஒரு கை இருக்கிறது. பேக்கேஜில் அந்தக் கை கிடையாது. விற்கிறவரே முதலாளி என்றால் டெஸ்க் யாரிடம் போய்ச் சொல்லும்?

இந்த மாற்றம் நேற்று வந்ததில்லை. 2003-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்துகிற பென்னட் கோல்மன் நிறுவனம் மீடியாநெட் என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. சினிமா, ஃபேஷன், பார்ட்டி வரும் இணைப்புப் பக்கங்களில் இடம் பிடிக்க மக்கள் தொடர்பு ஆட்கள் எப்படியும் யாருக்கோ பணம் கொடுக்கத்தானே செய்கிறார்கள், அதை வெளிப்படையாக நிறுவனமே வாங்கிக்கொள்ளட்டுமே என்பது அவர்கள் பக்க வாதம். கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும். திருட்டை ஒழிக்கத் திருட்டுக்கு ரசீது கொடுத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். நிருபர் பைக்குள் போய்க்கொண்டிருந்த பணம் கணக்குப் புத்தகத்துக்குள் போனது, பக்கத்தைப் புரட்டுகிற வாசகருக்கு எது செய்தி, எது விற்ற இடம் என்பது முன்பைப் போலவே தெரியாமல் போனது.

இரண்டு வருடம் கழித்து, 2005-ல், அதே நிறுவனம் பிரைவேட் ட்ரீட்டிஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனிக்கு விளம்பரம் கொடுக்கக் காசு இல்லையா, பரவாயில்லை, பங்குகளாகக் கொடு என்கிற ஏற்பாடு. அப்புறம் வேறு சில ஊடக நிறுவனங்களும் இதே வழியில் போயின. பத்திரிகை கையில் அந்தக் கம்பெனியின் பங்கு இருக்கிறது. கம்பெனி ஏதோ வில்லங்கத்தில் மாட்டுகிறது. செய்தி போட்டால் பங்கு விலை இறங்கும், இறங்கினால் நஷ்டம் பத்திரிகைக்கு. இதில் நிருபருக்கு யாரும் லஞ்சம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை பாருங்கள், அவர் முதலாளியின் முதலீட்டுப் பட்டியலைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி இதைக் கவனித்து, பிரஸ் கவுன்சிலோடு பேசி, இப்படிப் பங்கு வைத்திருக்கிற கம்பெனியைப் பற்றிச் செய்தி போடும்போது அந்தப் பங்கு விவரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று 2010-ல் கட்டாயமாக்கியது.

அப்புறம் 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல். உங்கள் சீனியருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்போதைய முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து கட்டுரைகள் வந்தன, அது பெரிய விஷயமில்லை. ஒன்றோடு ஒன்று போட்டிபோடுகிற மராத்திப் பத்திரிகைகளில் ஒரே கட்டுரை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே வந்திருந்தது, அதுதான் விஷயம். இந்து நாளிதழில் பி. சாய்நாத் அதை எடுத்து வெளியே போட்டார். பக்கம் பக்கமாகப் புகழ் வந்திருக்க, செய்தித்தாள் விளம்பரத்துக்குச் சவான் காட்டிய தேர்தல் செலவுக் கணக்கு வெறும் 5,379 ரூபாய். அந்தக் காலத்தில் வேட்பாளர்களிடம் ரேட் கார்டே காட்டினார்களாம்: பேட்டிக்கு இவ்வளவு, பிரச்சார ஊர்வலத்துக்கு இவ்வளவு, எதிராளியைத் திட்டி எழுத இவ்வளவு. பணம் கொடுக்காத வேட்பாளர் அந்தத் தேர்தலில் நிற்பதாகவே பத்திரிகையைப் படிக்கிறவருக்குத் தெரியாது.

பிரஸ் கவுன்சில் இதை விசாரிக்க பரஞ்சோய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டி இருவரையும் போட்டது. அவர்கள் 71 பக்கத்துக்குப் பத்திரிகைகளின் பெயர் போட்டு அறிக்கை கொடுத்தார்கள். 2010 ஜூலையில் கவுன்சில் வெளியிட்டதோ பெயர்களை எடுத்துவிட்ட ஒரு மெலிந்த வடிவம். முழு அறிக்கை 2011-ல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் முறையாக வெளியே வந்தது. பத்திரிகைகளைக் கண்காணிக்கிற அமைப்பே பத்திரிகைகளின் பெயரைச் சொல்லத் தயங்கியது என்பதைப் பார்த்தபோதுதான், இந்தப் பிரச்சினைக்கு உள்ளேயிருந்து தீர்வு வராது என்று எனக்கு உறுதியானது.

வழக்குகள் எங்கே போய் முடிந்தன? உத்தரப் பிரதேசம் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் மூன்று வருடத்துக்குத் தகுதி நீக்கம் செய்தது. 2007 தேர்தலில் செய்தி மாதிரி வந்த விளம்பரத்துக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்பது காரணம், இந்தியாவில் அப்படிப் பதவி இழந்த முதல் எம்.எல்.ஏ. அவர். சவான் மீது 2014-ல் ஆணையம் எடுத்த நடவடிக்கையை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான், செலவுக் கணக்கைச் சரியாகக் காட்டினாரா இல்லையா. காசு வாங்கிக்கொண்டு செய்தி என்று போட்டது ஒரு தனிக் குற்றமாக்கப்படவில்லை. அதைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கேட்டது, 2015-ல் சட்ட ஆணையமும் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. ஆக, வாங்கின எம்.எல்.ஏ.வுக்குப் பதவி போகலாம், விற்ற பத்திரிகைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிரஸ் கவுன்சிலால் கண்டிக்க முடியும், எச்சரிக்க முடியும், அபராதம் போட முடியாது. டி.வி. அதன் எல்லைக்குள்ளேயே வராது.

இப்போது உங்கள் அலுவலகப் பேக்கேஜுக்கு வருவோம். இந்த எக்ஸெல் ஷீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் சீக்கிரம் பார்ப்பீர்கள். ஒரு வரிசையில் வெப்சைட் பெயர், அடுத்தது எத்தனை மணி நேரத்தில் லைவ் ஆகும், அடுத்தது லிங்க் டூ-ஃபாலோவா (கூகுள் தேடலில் கணக்கில் சேருமா) இல்லையா, அதற்கடுத்து "டிஸ்க்ளெய்மர்" என்று ஒரு கட்டம், அதில் உண்டு அல்லது இல்லை. கடைசியில் ரேட். "இல்லை" என்று இருக்கிற இடத்தில் ரேட் ஏறும். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், அந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள். கூடுதல் பணம் எதற்கு? இடத்துக்கு இல்லை, எழுத்துக்கும் இல்லை. இது காசு கொடுத்துப் போட்டது என்கிற தகவலை வாசகரிடமிருந்து மறைப்பதற்கு. மறைப்பதற்கே தனியாக விலை வைத்து விற்கிற பொருளை எப்படி சுத்தமான வேலை என்று சொல்வது?

இதில் இன்னொரு வேடிக்கை, இதை வாசிக்க யாரும் வாங்குவதே இல்லை. "தொழிலில் முத்திரை பதிக்கும் இளம் சாதனையாளர்" என்கிற கட்டுரையை அந்தச் சாதனையாளரின் மாமனார் தவிர வேறு யார் முழுசாகப் படிக்கப்போகிறார்கள்? அது கூகுளுக்காக. பெயரைத் தட்டினால் முதல் பக்கத்தில் நாலு செய்தித் தளம் வர வேண்டும், பெண் பார்க்க வருகிறவரும் கடன் கொடுக்கிற வங்கியும் அதைப் பார்க்க வேண்டும். பழைய வழக்குச் செய்தி ஏதாவது இருந்தால் அது மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளப்பட வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தியச் செய்தித் தளங்களைச் சான்றாக வைக்கும்போது, காசு வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் போட்டதாக இருக்கலாம், ஜாக்கிரதை என்று தொகுப்பவர்களுக்கு வழிகாட்டுதலே எழுதிவைத்திருக்கிறார்கள். உழைத்து எழுதுகிற நிருபரின் செய்தியும் சேர்த்துத்தான் அதில் சந்தேகத்துக்குள்ளாகிறது.

பிரஸ் நோட் அனுப்புவதே தப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. மாவட்டத்தில் பி.ஆர்.ஓ. அலுவலகத்திலிருந்து வரும் அரசுச் செய்திக் குறிப்பில் அரசு தன்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதும், ஆனால் மேலே எங்கிருந்து வருகிறது என்று போட்டிருக்கும், படிக்கிற நிருபருக்கு அது யாருடைய குரல் என்பது தெரியும். கெட்டுப்போனது அதற்கு அடுத்த கட்டம். டெஸ்க்கில் ஆள் குறைந்துவிட்டது, வாட்ஸ்அப் குரூப்பில் யூனிகோடில் பிரஸ் நோட், படம், வீடியோ பைட், வாய்ஸ் ஓவருக்கான ஸ்கிரிப்ட் வரை வந்து விழுகிறது. நான் அனுப்பிய குறிப்பில் இருந்த எழுத்துப் பிழை மறுநாள் நாலு பத்திரிகையில் அதே இடத்தில் அப்படியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். இதில் பணம் கைமாறவே இல்லை. யாரும் படித்துப் பார்க்கவும் இல்லை.

பணமே இல்லாமல் கெடுவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் 2010 நவம்பரில் வெளியான நீரா ராடியா டேப்புகள். டாடாவுக்கும் முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸுக்கும் மக்கள் தொடர்பு பார்த்தவர் அவர். வருமான வரித் துறை பதிவு செய்த அந்தப் பேச்சுகளில், யாருக்கு எந்த மந்திரி பதவி என்கிற பேரத்தில் தூது சொல்கிறோம் என்கிற தொனியில் டெல்லியின் பெரிய பத்திரிகையாளர்கள் அவரோடு பேசியதை நாடே கேட்டது. செய்தி கறப்பதற்காக அப்படிப் பேசினோம் என்றார்கள். இருக்கலாம். கவர் வாங்குகிற தாலுகா நிருபருக்கு அப்படி ஒரு விளக்கம் சொல்ல வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

நம் தொழிலுக்கு விதி எழுதியவர்களே இல்லையா? அமெரிக்காவில் ஐவி லீ 1906-லேயே எழுதிவிட்டார். நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்க்கும்போது பத்திரிகைகளுக்கு அவர் அனுப்பிய அறிக்கையின் சாரம்: நாங்கள் ரகசியமாக இயங்கவில்லை, எங்கள் வேலை எல்லாம் வெளிப்படை, இது விளம்பர ஏஜென்சி அல்ல, நாங்கள் அனுப்புவது உங்கள் விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று தோன்றினால் தயவுசெய்து போடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்கள் எக்ஸெல் ஷீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை. இதே மனிதர் 1914-ல் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்டபோது, சுரங்க முதலாளியான ராக்பெல்லர் தரப்புக்காகத் தப்பான தகவல்களோடு துண்டறிக்கை விட்டார். விதியை எழுதியவரே பெரிய வாடிக்கையாளர் வந்ததும் விட்டுவிட்டார்.

விதியை மீறினால் உண்மையிலேயே ஒரு நிறுவனம் மூடப்பட்ட கதையும் இருக்கிறது. லண்டனின் பெல் பாட்டிங்கர், மார்கரெட் தாட்சருக்கு விளம்பரம் செய்த டிம் பெல் சேர்ந்து தொடங்கியது. 2016-ல் தென்னாப்பிரிக்காவின் குப்தா சகோதரர்களுடைய ஓக்பே நிறுவனம் மாதம் ஒரு லட்சம் பவுண்டுக்கு இவர்களைப் பிடித்தது. குப்தாக்கள் மீதிருந்த ஊழல் புகாரிலிருந்து கண்ணைத் திருப்ப, "வெள்ளையர் ஏகபோக மூலதனம்" என்கிற கோஷத்தைப் பெரிதாக்கி, இனப் பிளவில் எண்ணெய் ஊற்றினார்கள் என்பது புகார். தென்னாப்பிரிக்க எதிர்க்கட்சி பிரிட்டனின் மக்கள் தொடர்பு சங்கத்தில் முறையிட்டது, சங்கம் 2017 செப்டம்பரில் அவர்களை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் வரிசையாகக் கழன்றுகொள்ள, அதே மாதத்தில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. இங்கே நமக்கும் 1958-லிருந்து பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா இருக்கிறது, 1968 ஏப்ரல் 21-ல் டெல்லியில் மக்கள் தொடர்புத் தொழிலுக்கான சர்வதேச ஏதென்ஸ் நெறிமுறையை ஏற்றுக்கொண்டது, அந்த நாளைத்தான் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் உறுப்பினராக இல்லாமலே கடை நடத்தலாம், பலர் நடத்துகிறார்கள்.

சினிமாப் பக்கம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தமிழ்நாட்டில் மக்கள் தொடர்பு என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது அதுதான். 1958-ல் நாடோடி மன்னன் படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் பி.ஆர்.ஓ. ஆனார், தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைத்தான் சொல்கிறார்கள். இன்றைக்கும் டைட்டில் கார்டில் பி.ஆர்.ஓ. பெயர் வருகிறது, யாருக்காகப் பேசுகிறார் என்பது ஊருக்கே தெரியும். யூடியூப் விமர்சகருக்கு அப்படி டைட்டில் கார்டு கிடையாது. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடக் கூடாது என்று அறிக்கை விட்டது. திட்டுகிற விமர்சனத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்று கோபப்படுகிறவர்கள், புகழ்கிற விமர்சனத்துக்குப் பின்னால் இருக்கும் பணத்தைப் பற்றியும் ஒரு அறிக்கை விட்டால் நன்றாக இருக்கும்.

இதில் உருப்படியாக மாறியது ஒன்று உண்டு. விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-ல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதி போட்டது, 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் கொடுத்தது. காசு வாங்கினாலோ, பொருளை இலவசமாக வாங்கினாலோ, கண்ணில் படுகிற இடத்தில் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். இலவசமாக வந்த முகக் க்ரீமைக் காட்டி ரீல்ஸ் போடுகிற திருப்பூர்ப் பெண் "விளம்பரம்" என்று எழுத வேண்டும் என்கிறோம். நூறு வருடப் பாரம்பரியம் பேசுகிற செய்தி நிறுவனம் அதையே கடைசி வரியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் போட்டால், சரி போகட்டும் என்று விடுகிறோம்.

நீங்கள் என்ன செய்யலாம்? முதல் மாதத்திலேயே போய்ப் போராட வேண்டாம். கன்வேயன்ஸ் உண்மையிலேயே தேவையென்றால் வண்டி ஏற்பாடு செய்யலாம், அல்லது கையெழுத்து வாங்கி வவுச்சரில் கொடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். வவுச்சர் என்றதும் எத்தனை பேர் கை நீட்டுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நிருபரிடம் பேசும்போது எந்தக் கம்பெனிக்காகப் பேசுகிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று சொல்லலாம், பொய் மட்டும் வேண்டாம், ஒரு தடவை பிடிபட்டால் அந்த நிருபர் அப்புறம் உங்கள் போனை எடுக்க மாட்டார். வாடிக்கையாளர் சிக்கலில் மாட்டுகிற நாளில் போனை அணைக்காமல் இருந்தாலே பாதி மரியாதை வந்துவிடும், கவரால் வராத மரியாதை அது.

பேக்கேஜ் விஷயத்தில், விளம்பரம் என்று போட்டு வருகிற எதையும் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், அதில் எந்தத் தப்பும் இல்லை. "டிஸ்க்ளெய்மர் இல்லாமல்" கேட்கச் சொன்னால் மட்டும், அதை ஒரு மெயிலாக அனுப்பச் சொல்லுங்கள், வாடிக்கையாளருக்கும் சி.சி. போட்டு. என் அனுபவத்தில் அந்த மெயில் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். கோவையில் மருத்துவமனைகள், பம்ப் கம்பெனிகள், மில்கள் என்று சொந்தமாகத் தகவல் தொடர்புப் பிரிவு வைத்திருக்கிற இடங்கள் உண்டு, அங்கே ஏஜென்சி அனுபவம் இருக்கிறவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.